சயாம் காகிதங்களோடு மாரடித்த கதை

ஜப்பான்காரன் போட்டுவிட்டு ஓடிய காகிதங்களில் அவன் செய்த அக்கிரமங்களைத் தேடுவது, அடுத்த வீட்டுக்காரியின் அழுக்கு மூட்டையில் நம்முடைய காணாமல்போன புடவையைத் தேடுகிற மாதிரி: கிடைத்தாலும் வயிற்றெரிச்சல், கிடைக்காவிட்டாலும் வயிற்றெரிச்சல்.

காகிதத்தில் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் திரும்பியதும் சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆபீஸ் திறந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ரப்பர் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பிடித்துக்கொண்டு போன நம் ஆட்கள் என்ன ஆனார்கள் என்று, அகப்பட்ட ஜப்பானியப் பட்டாளத்துக் காகிதங்களிலிருந்து கண்டுபிடிக்கவேண்டும். எனக்குக் கான்வெண்ட் இங்கிலீஷும் டைப்பும் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால், ஜப்பான்காரன்தான் என்று இன்னமும் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். கேப்டன் துரை அதைக் கவனித்துவிட்டு, படியேறும்போதெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே வருவார்.

என் வீட்டுக்காரரும் சயாம் போனவர்தான். மெர்போக் பக்கத்து எஸ்டேட்டில் டிரஸ்ஸராக ஊசி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவரை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். அவர் போனபின் பிறந்தவன் இதோ பக்கத்தில் தூங்குகிறான். அவன் தூங்கினால்தான் எனக்கு எழுத்து. ஆபீசில் அந்தப் பக்கத்து ஆட்களின் காகிதங்கள் அடங்கிய மெர்போக் பெட்டி என்று ஒன்று உண்டு. அதை மட்டும் நான் திறக்கவில்லை. வருகிற பெட்டியையெல்லாம் அதன் மேலேயே அடுக்கினேன்.

சிவப்பு முத்திரை

ஒருநாள் சிவப்பு முத்திரை குத்திய கட்டு ஒன்று கிடைத்தது. துரை கட்டைத் தூக்கி மேஜை நடுவில் வைத்தார். பெரிய கொடுமை ஏதோ இதற்குள் இருக்கிறது என்று கதவைச் சாத்தச் சொன்னார். ஜப்பானிய எழுத்தை வாசிக்க ஆ லியோங் என்ற சீனர் எங்களோடு இருந்தார். அவர் ஒரு பக்கம், மறுபக்கம் என்று முகத்தில் எதையும் காட்டாமல் வாசித்தார். துரை பென்சிலைத் தீட்டி வைத்துக்கொண்டு, "யாராவது தப்பினார்களா?" என்று கேட்டார். ஆ லியோங் கட்டை மூடினார்.

"ஒருத்தரும் தப்பலை துவான். எல்லாம் கோழி. கர்னல் குசினிக்குப் போனது."

கச்சான் பொட்டலம்

எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்தார். மத்தியானம் கச்சான், அதுதான் வேர்க்கடலை, கொறிக்காவிட்டால் அவருக்குக் கணக்கு ஓடாது. ஒருநாள் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே பட்டாள முத்திரை! ஜப்பான்காரன் ஓடின அன்றைக்கு ஜனங்கள் அள்ளிய காகிதமெல்லாம் கடைத்தெருவில் பொட்டலமாகிக்கொண்டிருந்தது. துரை கடைக்கே போய்விட்டார். கடைக்கார முஸ்லிம் காக்கா அசரவில்லை. "துரை கேட்டுக் கொடுக்காம இருப்பேனா லா? ஆனா மடிச்சாச்சு. கச்சானோடதான் வரும்" என்றார்.

கடையிலிருந்த பொட்டலமெல்லாம் ஆபீசுக்கு வந்தது. சிரித்துக்கொண்டேதான் தின்றோம். சயாம் முகாம் ஒன்றில் வாந்திபேதியில் செத்தவர்களின் பெயர்கள் இங்கிலீஷ் எழுத்தில் வரிசையாக ஒரு தாளில் வந்தபோது சிரிப்பு நின்றது. எண்ணெய் பட்ட இடத்தில் சில பெயர்கள் மறைந்திருந்தன. கிராணி வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு அந்தத் தாளைத் தன் வேட்டி முனையால் ஒற்றி எடுத்தார்.

"பிள்ளை, இனிமேல் எனக்குக் கச்சான் வேண்டாம்."

மயில்மேல் இருப்பவர்

எஸ்டேட்டுப் பெண்கள் புருஷனைத் தேடி வருவார்கள். பேர் கேட்டால்தான் வம்பு. புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார்களே! துரை தலையில் கைவைத்துக்கொள்வார். கான்வெண்டில் படித்த நான் உதட்டைச் சுழித்துக்கொள்வேன். செர்டாங்கிலிருந்து வந்த மாரியாயி அக்கா சொன்னாள்: "மயிலுமேல உக்காந்திருப்பாருல்ல, அவரு பேருதாம்மா."

"முருகனா?" இல்லையென்று தலையாட்டினாள். "வேலாயுதமா?" என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பை ஆமாம் என்று எழுதிக்கொண்டேன். எண்ணெய்த் தாளில் செர்டாங் வேலாயுதம் இருந்தார். நான்தான் அவளிடம் சொல்லவேண்டி வந்தது. அவள் அழவில்லை. தாலியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எழுதினவன் அவர நேர்ல பாத்தானாம்மா?"

செத்தவர் படியேறி வந்தார்

சில வாரம் கழித்து, உப்பிய வயிறும் குச்சிக் காலுமாக ஒருவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பின்னால் மாரியாயி அக்கா. "நாந்தான் கந்தசாமி. என்னைய வேலாயுதமாக்கிச் சாகடிச்சுட்டீங்களாமே" என்றார். துரை எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். "அப்புறம் ஏன்க்கா சிரிச்சீங்க?" என்று கேட்டேன். "அது எங்க மாமனாரு பேருல்ல! சண்டைக்கு முன்னயே போய்ச் சேந்த மனுசன். அவரு பேர நீ பட்டுனு சொல்லவும் சிரிப்பு வந்துருச்சு." அப்படியானால் தாளில் இருந்த வேலாயுதம் வேறு எவளோ ஒருத்தியின் புருஷன். அவளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கிராணி சும்மா இருக்காமல் என் கதையையும் மாரியாயி அக்காவிடம் சொல்லிவைத்தார். "உன் வீட்டுக்காரரு பேர சொல்லு, இவரு எங்கயாச்சும் பாத்திருப்பாரு" என்றாள். சொன்னால் தேடவேண்டும், தேடினால் செத்தவர்களில் அகப்பட்டுவிடும். நான் தலையைக் குனிந்து டைப் மெஷினைத் துடைத்தேன். அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி கான்வெண்டு, உனக்கும் மயிலா?"

மெர்போக் பெட்டி

சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்தில் பேரும் வந்துவிட்டது: "அருளப்பன்." கந்தசாமி யோசித்துப் பார்த்து, தன் முகாமில் அப்படி ஒரு டிரஸ்ஸர் இல்லை என்றார். கிராணி மேலே இருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கினார். ஆளுக்கொரு கட்டாகப் பிரித்து, பொழுது சாயும்வரை பார்த்தோம். செத்தவர்களில் அவர் இல்லை. திரும்பி வந்தவர்களிலும் இல்லை. துரை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே கீழே இறங்கிப்போனார். அதுவரை போகாமல் சுவரோரமாக உட்கார்ந்திருந்த கந்தசாமி வயிற்றைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"காகிதத்துல செத்த நானே வந்துட்டேன். காகிதத்துலகூட சாகாத மனுசன் வர்றதுக்கு என்னம்மா?"

அவர் வந்து நின்றால், உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்கு எங்கள் ஆபீஸ் மூன்று பிரதி கேட்கும் என்று எனக்குத் தெரியுமாதலால், கார்பன் தாளை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.