வாகினி வீட்டு வெள்ளைக் கூரை

எங்கள் சந்தில் வாகினியைப் போல வீம்புக்காரி கிடையாது. கென்ஜெரான் கடற்கரையில் இருபது வருடமாக இறால் அப்பளம் போடுகிறாள். அதுதான் அந்த வீட்டுக்குச் சோறு. தகரக் கூரைதான் அவளுக்குக் களம். காலையில் ஏணி வைத்து மூங்கில் தட்டிகளை மேலே பரப்பினால், மாலையில் கலகலவென்று காய்ந்ததை இறக்குவாள்.

அந்தக் கூரைக்குக் கீழேதான் அவள் கணவர் தர்மூஜி பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். நண்பகல் சூட்டில் அவருக்கு மூச்சு இரைக்கும். இன்னொரு கோடையை அவர் தாங்குவது கஷ்டம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ரெத்னோ என்ற பெண் ஒரு புது வெள்ளைப் பூச்சோடு வந்தாள். வெயிலைத் திருப்பி அனுப்புமாம். கூரையின் சூட்டையும் வானத்துக்கே தள்ளிவிடுமாம்.

"என் கூரை என்ன, உங்க பரிசோதனை எலியா?" என்று பக்கத்து வீட்டுக்காரனான நான் விரட்டினேன். வாகினி, "என் வீட்டுல அடிச்சிட்டுப் போம்மா" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு வீட்டார் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு மாதத்தில் அந்த நாலு வீடும் குளிர்ந்தன. வாகினி வீட்டில் ரெத்னோ மாட்டிய வெப்பமானி மட்டும் அசையவில்லை. தர்மூஜி அப்படியே இரைத்துக்கொண்டிருந்தார்.

"ஏமாந்துட்டேன், பாக் சுகிர்" என்று என்னிடம் வந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. குத்திக்காட்ட நினைத்திருந்த நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

எப்போதும் சாயங்காலம், தட்டிகள் இறங்கிய பிறகு வந்து கணக்கெடுக்கும் ரெத்னோ, ஒருநாள் உச்சி வெயிலில் வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இபு, மேல என்ன அது?" என்றாள். ஐயாவுக்குப் பாக், அம்மாவுக்கு இபு, எங்கள் ஊர் மரியாதை.

"அப்பளம். வேற என்ன?"

"தினமுமா?"

"கூரைன்னா அப்பளம் காயவைக்காம என்ன செய்வாங்க?"

ரெத்னோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "பூச்சு வானத்தைப் பார்த்தாத்தான் இபு சூடு போகும். நீங்க போர்வை போத்தி வச்சிருக்கீங்க!"

சந்தில் எவருக்கும் இது தோன்றவில்லை. அவள் கூரையில் அப்பளம் காயாத நாள் ஏது?

வாகினி விறுவிறுவென்று மேலே ஏறித் தட்டிகளை இறக்கத் தொடங்கினாள்.

"ஈரமா இருக்கே, பூசணம் பூத்துடுமே!" என்று கத்தினேன்.

"பூத்தா பூக்கட்டும். அப்பளம் போனா திரும்பப் போட்டுக்கலாம். மனுஷனை எங்க போய்த் தேடுறது?"

பிறகு சட்டென்று நின்று, துருப்பிடித்துக் கிடந்த என் கூரையைப் பார்த்தாள்.

"என்ன பாக், உங்க கூரை சும்மாதானே கொதிக்குது?"

அத்தனை வீறாப்புப் பேசிய நானே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பளமெல்லாம் என் தலைக்கு மேல் குடியேறின.

நாலாம் நாள் மதியம் சூட்டில் என் வீட்டில் இருக்க முடியாமல் அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. தர்மூஜி கண்மூடிப் படுத்திருந்தார். மூச்சு சீராக வந்தது.

"பாருங்க பாக், தூங்குறாரு. மத்தியானத்துல தூங்குறாரு!" என்று வாகினி கிசுகிசுத்தாள். நானும் ஏதோ சொன்னேன்.

தர்மூஜி ஒரு கண்ணைத் திறந்தார். குழறிய நாக்கால், "தூங்க விடுங்கடா... ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார்.

படுக்கையில் விழுந்தபின் அவர் எங்களைத் திட்டியது அதுதான் முதல் தடவை. வாகினி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கொதிக்கிற வெயிலில் இருவரும் நின்று அழுதோம்.