விருந்தாளிகளுக்காக மறைந்த படர்தாமரை

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். தூறல். எதிரே வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மூன்றுக்கு மேல் எண்ண முடியாத மூடுபனி. கொல்லிமலையின் கூட்டுத் தோல்நோய் ஆய்வு மையத்தை மூடிவிடலாமா, இன்னும் ஓராண்டு வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய வந்த குழு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வாசலில் இறங்கியது. ஐந்து பேர். அவர்களில் இருவர் வழியில் வாந்தி எடுத்திருந்தார்கள்.

மையத்தை நடத்தியவன் நான். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன், பதிவேடுகளையாவது ஒழுங்காக வைப்பான் என்று நம்பி ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். கூட்டு என்றால் நான்கு நிறுவனங்கள். வாசலில் நான்கு பெயர்ப்பலகைகள். எது மேலே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கப் பதினொரு கூட்டங்கள் நடந்தன. உள்ளே இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு மைக்ராஸ்கோப், செவ்வாய்தோறும் மதியத்துக்கு மேல் கீழேயிருந்து வரும் ஒரு டாக்டர். மலைக்காரர்களுக்கு அந்த டாக்டர் மட்டும் போதும். மையத்தை மூடினால் அவர் வரமாட்டார். சில ஊர்கள் சேர்ந்தால் இந்த மலையில் அது ஒரு நாடு. திண்ணனூர் நாட்டிலிருந்து படர்தாமரைக்கு வைத்தியம் பார்க்க, ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி யாரும் மலையிறங்கப் போவதில்லை. சொறிந்துகொண்டே மிளகு பறிப்பார்கள்.

குழுவுக்குக் காட்ட முப்பத்தொன்பது நோயாளிகளுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தேன். நான் சொன்னது ஒரே வாக்கியம்: "பெரிய ஆளுங்க வாராங்க, சுத்தமா வாங்க." நடுவில் வந்த செவ்வாயில் டாக்டர் விடுப்பு, அதனால் இடையில் யாருடைய தோலையும் யாரும் பார்க்கவில்லை.

முப்பத்தொன்பது பேரும் துவைத்த துணியில் வந்தார்கள். குழுத் தலைவியான மருத்துவப் பேராசிரியை முதல் ஆளின் முதுகைப் பார்த்தார். ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது ஆளுக்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

பதின்மூன்றாவது, தேவனூர் நாட்டில் மரவள்ளி பயிரிடும் ஒரு பெண். சென்ற மாதம் அவள் கைகளில் முழங்கை வரை சிவந்த வட்டங்கள் இருந்தன. இப்போது சுவடே இல்லை.

"என்னம்மா பண்ணுனீங்க?" என்றேன்.

"சந்தையில விக்கிற வெள்ளைக் களிம்புங்க. பத்து நாளா ரெண்டு வேளை பூசுனேன்."

"அதைத் தொடாதீங்கன்னு டாக்டர் எத்தனை தடவை சொன்னாரு?"

"மூணு தடவைங்க. ஆனா நீங்கதானுங்க சுத்தமா வரச் சொன்னீங்க. ஊட்டுக்கு விருந்தாளி வந்தா குப்பையக் கூட்டாம உக்கார வெப்பமுங்களா?"

வரிசையில் அடுத்த நோயாளியாகப் பின்னால் நின்ற அவள் கணவர், "சாருக்குத் தலைகுனிவு வரக்கூடாதுன்னு நாந்தானுங்க எல்லாத்துக்கும் பேளுக்குறிச்சி சந்தையில சேத்து வாங்கியாந்தேன். நாப்பது டியூப்பு" என்று சொல்லிப் பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

அந்தக் களிம்பு சிவப்பை மறைக்கும், அரிப்பை அடக்கும். நோய் மட்டும் சாகாது. பூசுவதை நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பும். தலைவியிடம் இதை விளக்கினேன். அவருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம். நோய் காணப்பட்டவர்கள் பூஜ்யம் என்று எழுதினார். குழுவில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், நோயை ஒழித்ததற்காக என் கையைக் குலுக்கினார். இவ்வளவு வெற்றி பெற்ற மையம் இனி எதற்கு என்பது அவர் கேள்வி.

ஒருவருக்காவது நோய் இருந்தால் நீட்டிக்க விதி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார் தலைவி.

எனக்கு இருந்தது. இடது தொடையில், ஐந்து மாதமாக, இரண்டு வட்டம். பெரியது ஆறரை சென்டிமீட்டர். மையத்தை நடத்துகிறவனுக்கே படர்தாமரை என்று மலை முழுக்கச் சிரிப்பார்களே என்று டாக்டரிடம்கூடக் காட்டியதில்லை. நாற்பத்து நான்கு பேர் முன்னிலையில் வேட்டியைத் தூக்கினேன்.

"அட சாமி, சாருக்குமா?" என்றாள் அந்தப் பெண். "பாதி டியூப்பு மிச்சமிருக்குதுங்க, தரட்டுமுங்களா?"

தலைவி சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். மலை ஈரத்தில் அதன் லென்ஸிலேயே பூஞ்சை படிந்திருந்தது. எது லென்ஸுடையது, எது என்னுடையது என்று இருபது நிமிடம் விவாதித்துவிட்டு, ஒரு பகுதியாவது என்னுடையதுதான் என்று ஐவரும் கையெழுத்திட்டார்கள்.

நீட்டிப்பு கிடைத்தது. மூன்றே வாரத்தில் முப்பத்தொன்பது பேருக்கும் வட்டங்கள் திரும்பின. டாக்டர் அவர்களைத் திட்டிக்கொண்டே மாத்திரை தருகிறார். ஆனால் ஆய்வுக்கு உட்பட்டவர் ஆய்வு மையத்தை நடத்தக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. குழு வந்த அன்று மாலையே நான் நாற்பதாவது நோயாளியாகப் பதிவானேன், பதவி போயிற்று. மாத மதிப்பூதியம் ஆறாயிரம். நீட்டித்த பன்னிரண்டு மாதத்துக்கு எழுபத்திரண்டாயிரம் ரூபாய் நஷ்டம்.