முதுகில் கட்டிய நகல்

மலைநகரமான முஸூஸுவின் பஸ் நிலையத்தில் மினிபஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. லுசுங்கு கோண்ட்வே ஏறி, இருக்கையின் நுனியில் மட்டும் உட்காருகிறாள். சாயமாட்டாள். அவள் முதுகில் பிள்ளை கட்டும் சிட்டெஞ்சே துணியால் இறுக்கிக் கட்டிய ஒரு சின்ன மூட்டை.

"பையனா, பொண்ணாக்கா?" என்கிறான் புதிதாக வந்த நடத்துநர்.

"இன்னும் பேரே வைக்கல. நீ கதவச் சாத்துப்பா, காத்தடிக்குது."

மூட்டைக்குள் இருப்பது தகர டப்பாவில் வைத்த ஹார்ட் டிஸ்க். மலைமேல் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் பார்த்துக்கொள்ளும் கணினிப் பதிவுகள் மொத்தமும் அதில் நகலாக இருக்கின்றன. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புது நகலோடு மலையிறங்கி, நகாட்டா பே என்ற ஏரிக்கரை ஊரில் பாதிரியார் வீட்டு இரும்பு அலமாரியில் அதைப் பூட்டிவிட்டு, பழையதை, அழித்து மறுபடி எழுதுவதற்காகக் கட்டிக்கொண்டு திரும்புவாள். ஆஸ்பத்திரியே எரிந்து போனாலும் ஏரிக்கரையில் ஒன்று பிழைத்துக் கிடக்கும் என்பது அவள் கணக்கு. கைப்பையைப் பிடுங்குகிற திருடன்கூடப் பிள்ளைத் துணியில் கை வைக்கமாட்டான் என்பது இன்னொரு கணக்கு.

டப்பாவை யார் கையிலும் கொடுக்கமாட்டாள். பாதிரியார்கூட அலமாரிச் சாவியை நீட்டுவதோடு சரி. எண்ணெயில் பொரித்த மந்தாசி தின்றுகொண்டே யாராவது நெருங்கினால் போதும், "எண்ணெக் கைய வெச்சுக்கிட்டு எங்க வர்ற? அப்படியே தள்ளி நில்லு" என்று சீறுவாள். நர்ஸுகள் அவளுக்கு 'தகரப் பாப்பா அம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். எம்பாப்பா அழுவுறதில்லையே" என்பாள்.

இந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சிரிப்பு அடங்கிப்போனது. அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் தெரியாத மின்னஞ்சலைத் திறந்து பார்க்க, வைரஸ் புகுந்து ஆஸ்பத்திரியின் கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. தினசரி நகலும் அதே வலையமைப்பில் இருந்ததால் அதுவும் போயிற்று. வெள்ளிக்கிழமை என்றால் புற்றுநோய் வார்டில் ஊசி நாள். தெம்வா என்ற பள்ளி ஆசிரியை, கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்க, ஊசிக்குக் காத்துக் கிடந்தாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவளுக்குப் போடுவது சிவப்பு மருந்து. ஆயுளுக்கே இவ்வளவுதான் என்று அதற்கு ஒரு வரம்பு உண்டு. தாண்டினால் இதயம் தாங்காது. இதுவரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது கணினிக்குத்தான் தெரியும். தெம்வாவின் கையிலிருந்த, சிகிச்சை விவரம் எழுதும் புத்தகமோ மழையில் ஊறி, எழுத்தெல்லாம் கரைந்திருந்தது.

லுசுங்கு ஆம்புலன்ஸில் ஏரிக்கரைக்குப் போய் டிஸ்க்கை எடுத்து வந்தாள். ஆம்புலன்ஸிலும் அதை முதுகில்தான் கட்டியிருந்தாள். புற்றுநோய் வார்டின் டாக்டர் முந்தாலி வாசலிலேயே மறித்தார்.

"வந்துட்டியா! குடு இப்படி. சர்வர்ல சொருகு, சீக்கிரம்."

"சொருக மாட்டேன் டாக்டர்."

"விளையாடுறியா? அங்க ஒருத்தி படுத்துக் கெடக்கா!"

"அம்மை போட்ட வீட்டுக்குள்ள கைப்புள்ளையத் தூக்கிட்டு வரச் சொல்றீங்களா? நம்மகிட்ட மிச்சமிருக்கிறது இது ஒண்ணுதான்."

டாக்டர் பல்லைக் கடித்தார். அவள் அசையவில்லை. உறை பிரிக்காத புது மடிக்கணினி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். வார்டை ஒட்டிய அறையில், எந்த வலையமைப்போடும் இணைக்காமல் அதை வைத்து, முதல் வேலையாக அந்த நகலுக்கே ஒரு நகல் எடுக்கத் தொடங்கினாள். திரையில் பச்சைக் கோடு ஆமை வேகத்தில் நகர்ந்தது. டாக்டர் வாசலுக்கும் மேசைக்கும் நடையாய் நடந்தார். மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டியபோது எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. லுசுங்கு டப்பா மூடியைத் தட்டிக்கொண்டே, தன்னையறியாமல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தாள்.

திறந்திருந்த கதவு வழியாகத் தெம்வா பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, தூங்கிருச்சா?"

"தூங்கிட்டா நீயும் தொலைஞ்ச, நானும் தொலைஞ்சேன். முழிச்சிருக்கணும்னு வேண்டிக்கோ."

கடைசியில் தெம்வாவின் கணக்கு திரையில் வந்தது. நர்ஸுகள் கை தட்டினார்கள். டாக்டர் குனிந்து பார்த்து, "அப்பாடா. இன்னும் ஒரு ஊசிக்கு எடமிருக்கு. மருந்தக் கலக்கச் சொல்லு" என்றார்.

லுசுங்கு மட்டும் திரையின் ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"நில்லுங்க டாக்டர். இது போன மாசக் கடைசி வெள்ளிக்கிழம விடியக்காலம் எடுத்தது. அதுக்கப்புறம் நடந்தது எதுவும் இதுக்குத் தெரியாது." கதவுப் பக்கம் திரும்பினாள். "தெம்வா, அந்த வெள்ளிக்கிழம உனக்கு ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்களே. மத்தியானம். மினிபஸ்ல ஊர் வரைக்கும் வாந்தி எடுத்துக்கிட்டே போனேன்."

டாக்டர் அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார். இன்றைக்கும் போட்டால் வரம்பு தாண்டிவிடும். சிவப்பு மருந்தை நிறுத்தச் சொல்லி, வேறு மருந்து எழுதினார்.

லுசுங்கு நடைபாதையில் போய் உட்கார்ந்து அழுதாள். "வெயிலுக்கு முன்னாடி போயிரலாம்னு விடியக்காலத்துல கெளம்பிக்கிட்டிருந்தேன். எஞ்சொகத்துக்கு ஒரு உசுரே போயிருக்குமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளைக் கேலி செய்த நர்ஸுகளே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இன்று மாதக் கடைசி வெள்ளிக்கிழமை; இப்போது அவள் போவது விடியற்காலை வண்டியில் அல்ல, கடைசி மினிபஸ்ஸில். வார்டில் ஊசிக் கணக்கு முழுவதும் ஏறி முடிந்த பிறகுதான் நகல் எடுக்கிறாள். இன்று ரத்தப் பரிசோதனைக்கு வந்த தெம்வாவும் அதே வண்டியில், பக்கத்து இருக்கையில் இருக்கிறாள். மொட்டைத் தலையில் துணி சுற்றியிருக்கிறாள். மலைப்பாதை வளைவுகளில் வண்டி குலுங்க, நுனியில் உட்கார்ந்திருக்கும் லுசுங்குவுக்கு இடுப்பு கடுக்கிறது.

"சாஞ்சு உக்காருங்கக்கா" என்கிறாள் தெம்வா.

லுசுங்கு அவளை ஒரு கணம் பார்க்கிறாள். பிறகு மார்பில் இருந்த துணி முடிச்சை அவிழ்த்து, மூட்டையை முன்னால் கொண்டுவந்து, தெம்வாவின் மடியில் வைக்கிறாள்.