ஸ்டெப்னியா, தண்ணித் தொட்டியா?

எங்கள் வீட்டுக்குச் சக்கரம் ஆறு. ஏழாவதாக ஒன்று வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மூன்று வாரம் சரியான சண்டை.

நான் வளைகுடாவில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸ். அவர் அங்கேயே டிரெய்லர் ஓட்டியவர். வேலையை விட்டு ஊருக்கு வந்து சொந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு பேராலும் முடியவில்லை. ஒருநாள் அவர் பழைய டூரிஸ்ட் பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் நிறுத்தி, ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். கோபப்பட வேண்டும் என்றுதான் வெளியே ஓடினேன். படியேறி உள்ளே போனதும், கட்டில் எங்கே வரும், அடுப்பு எங்கே வரும் என்று கையால் அளக்கத் தொடங்கிவிட்டேன்.

மார்த்தாண்டத்தில் வண்டிக்குப் பாடி கட்டுகிற மேஸ்திரி ஒருவர் வேலையை எடுத்துக்கொண்டார். சீட்டெல்லாம் கழன்றது. கட்டில், அடுப்பு, சின்னக் குளியலறை, துணி வைக்க அலமாரி எல்லாம் வந்தன. கடைசியில் அடியில் இருக்கும் டிக்கியில் ஒரே ஒரு இடம் மிஞ்சியது. "இதுல ரெண்டாவது தண்ணித் தொட்டி வைக்கணுமா, ஸ்டெப்னி வைக்கணுமா? ரெண்டுக்கும் இடம் காணாது" என்றார் மேஸ்திரி.

"தொட்டி" என்றேன் நான்.

"ஸ்டெப்னி" என்றார் அவர், அதே மூச்சில்.

எனக்கு என் நியாயம் இருந்தது. அந்த டயரும் டிஸ்க்கும் சேர்ந்தால் என்னைவிட எடை. அவருக்கு ஏற்கெனவே முதுகுவலி. நடுரோட்டில் யார் அதைத் தூக்கி மாட்டுவது? போன் செய்தால் ஆள் வருகிற காலம் இது.

"ஏட்டி, ஆள் வருவான், சரி. இந்த சைஸ் டயர் எல்லாக் கடையிலயும் கெடக்குமா? டயர் நம்ம கையில இருந்தா மாட்டுகதுக்கு யாராவது கெடைப்பாவ. டயரே இல்லன்னா வாறவன் வந்து என்ன செய்வான்? நம்ம மூஞ்சியப் பாத்துட்டு இருப்பானா?"

"ஒரு தொட்டித் தண்ணி சமையலுக்கே காணாது. அப்ப நான் எப்பிடிக் குளிக்கியது?"

"குளிக்காட்டா ஒண்ணும் ஆவாது."

இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு யோசனை வந்தது. "வண்டிய ஒருநாள் வீட்டுக்குக் கொண்டு வருவோம். நாம ரெண்டு பேருமாச் சேர்ந்து முற்றத்துலயே ஒரு சக்கரத்தைக் கழட்டி மாட்டிப் பாப்போம். முடிஞ்சா ஸ்டெப்னி. முடியலன்னா தொட்டி" என்றேன். முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நைட்டிக்கு மேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். பின்சக்கரம் ஒன்றைக் கழற்றுவதாக ஏற்பாடு. ஸ்பேனரை நட்டில் மாட்டி அவர் அழுத்தினார். அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, "நீ இதும்மேல ஏறி நில்லு" என்றார். வண்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. மெல்லக் குதித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். குழாய் என்னோடு கீழே இறங்கியது. நட்டு இளகிவிட்டது!

எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. அடுத்த நட்டுக்கு அவர் சொல்வதற்கு முன்பே ஏறிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில் மேலாக எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். எல்லா நட்டும் இளகியதும் அவர் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். சக்கரத்தை இழுத்து வெளியே எடுத்து உருட்டினோம். திரும்ப மாட்டும்போதுதான் பாடு. கையால் தூக்க வழியே இல்லை. சக்கரத்துக்கு அடியில் கம்பிப்பாரையைக் கொடுத்து நான் நெம்ப, அவர் துளைகளைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்... பைய, பைய... ஆ!" என்று உள்ளே தள்ளினார். இரண்டு மணி நேரம் ஆனது. என் கை, முகம், சட்டை எல்லாம் கிரீஸ்.

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ சொன்னதுதான் சரி. நம்மளால ஆவாது. தொட்டியே வைப்போம்" என்றார்.

"ஆவாதா? இப்பதானே மாட்டினோம்! ஸ்டெப்னிதான் வைக்கணும்" என்றேன் நான்.

வண்டியைத் திரும்பக் கொண்டுபோனதும் மேஸ்திரியிடம் நான்தான் சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சக்கரத்தை உருட்டி ஏற்ற ஒரு பலகையும் சேர்த்துச் செய்து தந்தார்.

முதல் பயணம் கீரிப்பாறைக்கு. பக்கத்தில்தான் என்றாலும் மலையேற்றத்தில் வண்டி எப்படி என்று பார்க்க வேண்டுமே. தடிக்காரன்கோணம் தாண்டி மேலே ஏறும்போது மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். நான் முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த ஜீப்புக்கு ஒதுங்கியபோது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கல் ஒன்று இடப்பக்க முன்சக்கரத்தைக் கிழித்துவிட்டது. புஸ்ஸென்று காற்று போய், வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது. பின்சக்கரம் என்றால் ஜோடியாக இருக்கும், கொஞ்ச தூரமாவது உருட்டலாம். முன்சக்கரம் போனால் ஒரு அடி நகர்த்த முடியாது.

ஜீப் எப்படியோ நுழைந்து போய்விட்டது. வேறு பெரிய வண்டி எதுவும் போக முடியாதபடி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றோம். போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. ஐந்து நிமிஷத்தில் மேலிருந்து எஸ்டேட் பஸ் இறங்கி வந்து எதிரே நின்று ஹாரன் அடித்தது. ரப்பர் பால் வெட்டு முடித்து வீட்டுக்குப் போகிற பெண்கள் ஜன்னல் ஜன்னலாகத் தலையை நீட்டினார்கள். கண்டக்டர் இறங்கி வந்து, தரையில் ஒட்டிக் கிடந்த டயரைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார்.

"ஸ்டெப்னி உண்டா?"

"உண்டு!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் ஒரு சொல்லைச் சொல்லி வருஷக்கணக்கு ஆகியிருக்கும். பஸ்ஸுக்குள் இருந்து கைதட்டல் கேட்டது.

கண்டக்டரும் டிரைவரும் ஸ்பேனரை வாங்க வந்தார்கள். "நட்டு என்னுடையது" என்று சொல்லிக் குழாய் மேல் ஏறினேன். 'டக்'. பெண்கள் எல்லாரும் இறங்கிச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஆறேழு பேர் பலகையைப் பிடித்து ஸ்டெப்னியை இறக்கினார்கள். பாரை போட வேண்டிய தேவையே இல்லை, ஆளுக்கொரு கை கொடுத்ததில் சக்கரம் தானாக ஏறி உட்கார்ந்தது. ஒரு அக்கா டயரைத் தட்டிப் பார்த்து, "இதுல எங்க வெட்டுப் பாலும் கொஞ்சம் கெடக்கும், பிள்ளே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முற்றத்தில் இரண்டு மணி நேரம் எடுத்த வேலை அரை மணிக்குள் முடிந்தது. பிறகு வரிசையாக எங்கள் வண்டிக்குள் ஏறி அடுப்பையும் கட்டிலையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். "கொள்ளாமே, நல்லாருக்கே!" என்று அவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரருக்கு முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

வண்டியைப் பின்னால் எடுத்து ஒதுக்கி வழி விட்டோம். பஸ் போனதும், கிழிந்த டயரை டிக்கியில் ஏற்றிக் கதவை அடைத்தோம்.

"இனி நம்ம கையில நல்ல ஸ்டெப்னி இல்ல. திரும்பிருவோமா?" என்று கேட்டேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மேலே போகிற வளைவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச தூரந்தானே? நீ கல்லு மட்டும் பாத்துச் சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகச் சொல்லிக்கொண்டே மலை ஏறினேன்.