கட்ச் போய் வந்த வீடியோக்கள்

கட்ச்சின் உப்புப் பாலைவனம்வரை பைக்கில் போய்விட்டு, கொங்கண் கடலோரமாகத் திரும்பி வருவது என்று நானும் மனைவியும் முடிவு செய்தபோது, வண்டியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. டயர், செயின் எல்லாம் புதிது. இரண்டு பேருக்கும் லீவும் கிடைத்துவிட்டது. நான் குழம்பிப் போனது ஒரே விஷயத்தில்தான். ஹெல்மெட் கேமராவில் எடுக்கும் வீடியோக்களை வழியில் எதில் போட்டு வைப்பது?

ஆரம்பித்து வைத்தவன் மதுரைச் செல்லூரில் விசைத்தறி வைத்திருக்கும் என் நண்பன். அதற்கு முந்தின வருஷம் அவன் பைக்கில் ஹம்பி, கோவா என்று சுற்றிவிட்டு வந்து ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகினான். டிக், டிக் என்று சத்தம் வந்தது. படம் வரவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் எனக்குப் புத்தி சொன்னான்.

"மாப்ள, ஹார்ட் டிஸ்க் மட்டும் வாங்கிறாத. உள்ள தட்டு சுத்துது. நம்ம ரோட்டுல அம்புட்டு குலுக்கு குலுக்குனா அது என்னத்துக்கு ஆகும்? எஸ்எஸ்டி வாங்கு. அதுல சுத்துறதுக்கு ஒண்ணுமே கிடையாது."

"பையில கெடக்கும்போது தட்டு சுத்தாதுல்ல? அப்புறம் எப்படிக் கெடும்?"

"என்னுது கெட்டுப்போச்சுல்ல?" என்றான்.

டவுன்ஹால் ரோட்டுக் கடையில் எஸ்எஸ்டி என்று கேட்டதும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"லேப்டாப் கொண்டு போறீங்களாண்ணே?"

"இல்ல, போன் மட்டுந்தான்."

"அப்ப போன்லதான் மாட்டிக் காப்பி பண்ணணும். போன் இதுக்குக் கரண்ட் குடுக்குமா?"

"குடுக்காதா?"

"சில போன் குடுக்கும். சிலது கொஞ்ச நேரம் குடுத்துட்டு நிறுத்திரும். வீட்டு டிவியிலயும் ஓடணும்னா பார்மட் வேற மாத்தணும். அதை மாத்துனா சில போன்ல தெரியாது."

நான் எதுவும் வாங்காமல் ஒத்தக்கடைக்கு வீடு திரும்பினேன்.

சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டேன். "எதை வாங்குனாலும் ரெண்டா வாங்குங்க மாமா. ஒண்ணு உங்க பையில, ஒண்ணு அக்கா பையில" என்றான். தெளிவாகிவிட்டது என்று நினைத்தபோது, "ஆனா எஸ்எஸ்டிய ரொம்ப நாள் சும்மா போட்டு வச்சாலும் உள்ள இருக்கிறது அழிஞ்சிரும்னு சொல்றாங்க" என்றான்.

"எம்புட்டு நாள்?"

"அதுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க மாமா."

மனைவி துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, கேமராவுல போடுற அந்தச் சின்ன கார்டையே நாலஞ்சு வாங்கிக்கலாம்ல? நிறைஞ்சா கழட்டிப் பத்திரமா வச்சிருவோம்."

"நகத்தளவுதான் இருக்கு. தொலைஞ்சுபோகும்."

"என் தோடு எம்புட்டு இருக்கு? கல்யாணத்துல போட்டது. இன்னும் தொலைக்கலையே."

எதையும் விட மனமில்லாமல் கடைசியில் எல்லாவற்றையும் வாங்கினேன். தீப்பெட்டி அளவில் இரண்டு எஸ்எஸ்டி, ஐந்து கார்டு. கல் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான ஒரு குவாரிச் சாலையில், பழைய கல்யாண வீடியோவை ஏற்றிய இரண்டு எஸ்எஸ்டியையும் பையில் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்கி ஏற்றினேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒன்று திறக்கவில்லை. மனைவி வந்து வயரைப் பிடுங்கி, திருப்பிச் செருகினாள். திறந்துகொண்டது. வயரில் கோளாறா, எஸ்எஸ்டியிலா, என் கையிலா, இன்றுவரை தெரியாது. சந்தேகத்துக்குரியதை அடையாளம் தெரிந்துகொள்ள அவளுடைய நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். நாசிக் தாண்டுவதற்குள் அது உரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டுமே சந்தேகத்துக்குரியவை ஆயின.

வழியில் ஒவ்வொரு லாட்ஜிலும் குளிப்பதற்கு முன்பே காப்பி பண்ண உட்கார்ந்துவிடுவேன். ஒவ்வொரு கார்டிலும் வீடியோக்களின் எண் ஒன்றிலிருந்து ஆரம்பித்ததால், போன் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது. இதே பெயரில் இன்னொரு கோப்பு இருக்கிறது, அதை அழித்துவிட்டு இதைப் போடவா, இதை விட்டுவிடவா, இரண்டையும் வைக்கவா? பயந்துபோய் எப்போதும் இரண்டையும் வை என்றே தட்டினேன். உப்புப் பாலைவனத்தில் சூரியன் விழுந்ததை மனைவி கண்ணால் பார்த்தாள். நான் கார்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில், கொங்கண் கரையில் முகத்துவாரத்துக்கு முகத்துவாரம் வண்டியோடு பெரிய படகில் ஏறி அக்கரை போக வேண்டியிருந்தது. அப்படி ஒரு படகில் மனைவிக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. கரையில் இறங்கியதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தாள். எங்களுக்கு மராத்தி தெரியாது. அவளுக்கு வேறெதுவும் தெரியாது. என் மனைவியின் தோளை அணைத்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாய் விரித்துப் படுக்க வைத்தாள். கஞ்சி காய்ச்சி, தானே ஊட்டினாள். மறுநாள் காய்ச்சல் விட்டதும் வாசல்வரை வந்து, என் மனைவியின் கன்னத்தைத் தொட்டு ஏதோ சொல்லி அனுப்பினாள். அவள் பெயரையோ ஊர்ப்பெயரையோகூடக் கேட்கவில்லை. படகில் வந்தபோது கேமராவை அணைக்க மறந்திருந்ததால், அவள் ஓடி வந்தது அதில் பதிவாகியிருக்கும் என்று மட்டும் தெரியும்.

மதுரை வந்ததும் மனைவி ஒரு சுங்குடிச் சேலை எடுத்தாள். அரக்குச் சிவப்பு. "அந்த அக்காவுக்கு அனுப்பணும். எந்த ஊருன்னு வீடியோவுல பாருங்க."

இரண்டு எஸ்எஸ்டியும் திறந்தன. ஐந்து கார்டும் அவள் சுருக்குப்பையில் இருந்தன. ஒரு வீடியோகூடத் தொலையவில்லை. ஆனால் பேட்டரி மாற்றிய போதெல்லாம் கேமராவின் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போயிருந்தது. அதனால் எல்லா வீடியோவும் ஒரே தேதியைக் காட்டின. பெயர்களும் ஒன்று, ஒன்றின் நகல், இன்னொரு ஒன்று என்றே இருந்தன. ஒரு படகு வந்தது, பிறகு ஒரு மலைப்பாதை, பிறகு எங்கள் ஒத்தக்கடைத் தெரு, பிறகு இன்னொரு படகு. எல்லாக் கரையிலும் தென்னை, எல்லாக் கரையிலும் கருவாடு.

"இதுதான். எறங்குனதும் இடது பக்கம் வேப்பமரம்" என்றாள் மனைவி.

"அது வேற கரை. அந்த அக்கா வீட்டுக்கு வலது பக்கமாப் போனோம்."

"காய்ச்சல்ல கெடந்த எனக்கு ஞாபகம் இருக்கு, உங்களுக்கு இல்லையா?"

ஒருவழியாக அந்தப் பெண் ஓடி வரும் வீடியோவைக் கண்டுபிடித்தோம். கூடையைப் போட்டுவிட்டு, முக்காடு விழுவதைக்கூடப் பார்க்காமல் ஓடி வருகிறாள். மனைவி அதைப் பார்த்து அழுதாள். ஆனால் அது எந்தக் கரை என்று தெரியவில்லை. ஓரத்தில் ஒரு பலகை தெரிந்தது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் சைக்கிளுக்கு எவ்வளவு, ஆட்டுக்கு எவ்வளவு என்று படகுக் கட்டணம். ஊர்ப்பெயர் இல்லை. கீழே ஒரு போன் எண் மட்டும் இருந்தது.

கூப்பிட்டேன். எடுத்தவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். தங்களுக்கு நாலைந்து துறையில் படகு ஓடுகிறது என்றும், எல்லாத் துறையிலும் அதே பலகைதான் என்றும், கருவாடு காயப்போடும் பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள் என்றும் அவர் சொன்னதாக நான் புரிந்துகொண்டேன். படம் அனுப்பச் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் தெரியும் இடத்தில் வீடியோவை நிறுத்திப் படமெடுத்து அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. உயர்த்திய கட்டைவிரல் ஒன்று. வேறு ஒரு வார்த்தை இல்லை.

"கண்டுபிடிச்சிட்டாருங்க" என்றாள் மனைவி.

"படம் வந்து சேந்துச்சுன்னு சொல்றாரோ என்னமோ."

"அதுக்கா ரெண்டு நாள் கழிச்சு அனுப்புவாரு?"

மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மனைவி அதற்குள் சேலையைப் பழைய பேப்பரில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். முகவரி எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தாள். நான் போனில் இருந்த கட்டைவிரலைப் பார்த்தேன்.