பெரியவர் கேட்ட கிட்டார்

மடியில் சிவப்புக் கிட்டாரை வைத்துக்கொண்டு, அதன் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பழைய பனியன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் அவர். முன்கை உரசும் இடத்தில் சிவப்புச் சாயம் தேய்ந்து மரம் தெரிந்தது. நான் உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து, "இதற்கு என்னைவிட வயது கொஞ்சம்தான் குறைவு" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அறுபதைத் தாண்டியவர். எங்கள் ஸ்டூடியோவில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றே சொன்னோம்.

துபாயில் திரும்பிய பக்கமெல்லாம் கிரேன்கள் நின்ற காலம் அது. ஷார்ஜாவில் கார் பழுதுபார்க்கும் ஷெட்டுகளுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் சவுண்ட் எஞ்சினியராக இருந்தேன். குடும்பத்தோடு அஜ்மானில் வாசம். தினமும் பஸ் நெரிசலில் ஊர்ந்து வந்து, சூப்பர் மார்க்கெட் விளம்பரங்களுக்கும் நகைக்கடை விளம்பரங்களுக்கும் குரல் பதிவு செய்வேன். அரிசி தள்ளுபடியை மலையாளத்தில் ஒரு தரம், இந்தியில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். அப்படிப்பட்ட இடத்துக்குள் நான்கு ஆங்கிலேயர்கள் கிட்டாரும் டிரம்ஸுமாக வந்து இறங்கியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இளமையில் அவர்கள் இங்கிலாந்தின் ஒரு துறைமுக ஊரில் இசைக்குழு வைத்திருந்தவர்கள். பாடகர் கிடையாது. பாட வேண்டியதை முன்னணிக் கிட்டாரே பாடும். நம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கிளப் நடனம் வந்தால், பின்னால் ஒரு கிட்டார் எதிரொலியோடு துள்ளிக்கொண்டு போகுமே, அந்த ஜாதி இசை. சில இசைத்தட்டுகள் வெளியிட்டிருக்கிறார்கள். பிறகு காலம் மாற, ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். டிரம்மர் பள்ளி பஸ் ஓட்டினார். மற்ற இருவரில் ஒருவர் தபால்காரர், ஒருவர் கடை வைத்திருந்தவர். முன்னணிக் கிட்டார் வாசித்த பெரியவர் எண்ணெய்க் கிணறுகளில் எஞ்சினியராக வளைகுடாவுக்கு வந்து, ஜெனரேட்டர்களின் இரைச்சலுக்கு நடுவிலேயே ஆயுளைக் கழித்து, ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். நாற்பது வருடம் கழித்து, பழைய பாணியில் ஒரே ஒரு குறுந்தகடு போட வேண்டும் என்று கடிதத்திலும் போனிலும் பேசி முடிவெடுத்து, மூவரும் குளிர்காலத்தில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

முதல் மெட்டை அவர்கள் வாசித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரியவரின் விரல்கள் ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைப் பார்க்கவே அழகு. ஆனால் ஒரு மெட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் அவர் எழுந்துபோய், ஆம்ப்ளிஃபையரில் மேல் ஸ்தாயியை எடுப்பாக்கும் ட்ரெபிள் குமிழை இன்னும் கொஞ்சம் கூட்டினார். "மங்கலாக இருக்கிறது, ஜமுக்காளம் போர்த்தின மாதிரி" என்றார். மதியத்துக்குள் குமிழ் கடைசிவரை போய்விட்டது. பிறகு என் மிக்ஸரிலும் கூட்டச் சொன்னார். கிட்டார் இப்போது பாடவில்லை. கீச்சிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார்கள். பெரியவர் மட்டும் கண்களை மூடி, முகம் மலர வாசித்தார்.

மறுநாள் டிரம்மர் என்னை வெளியே கூட்டிப்போனார். எதிர் ஷெட்டில் கார் ஒன்றைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே அவர் பேச வேண்டியிருந்தது.

"அவனுக்கு மேல் ஸ்தாயி கேட்கவில்லை. வந்த அன்றே தெரிந்துவிட்டது. வீட்டில் போன் மணி அடித்தாலும் திரும்புவதில்லை. நீ சொல்லிவிடேன்."

"நானா சார்? நேற்றுப் பார்த்தவன் நான்."

"அதனால்தான். பதினாறு வயதிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன் நான். என்னால் முடியாது."

என்னாலும் முடியவில்லை. என் அப்பா வயதுக்காரர். அவருடைய வாசிப்பில் ஒரு குறை இல்லை. குறை இருந்த இடம் அவருக்கே தெரியாத இடம். கேட்காத ஒன்றைக் கேட்கவில்லை என்று ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

அன்று மாலை, பதிவான மெட்டை எல்லோரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் வண்டி ஓட்டும் அண்ணன், ராமநாதபுரம் பக்கத்துக்காரர், டீ கொண்டுவந்தார். கதவைத் திறந்ததுமே ஸ்பீக்கரிலிருந்து கிட்டார் பாய்ந்தது. இரண்டு கையிலும் தட்டு. காதைப் பொத்த வழியில்லாமல் தோளை உயர்த்தி ஒரு காதை அதில் அழுத்திக்கொண்டார்.

"என்னப்பா இது, காதுக்குள்ள ஊசிய விட்டுக் கொடயிற மாரி இருக்கு! பெரியவருக்கு நோகலயா?"

பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

நண்பர்கள் மூவரும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சத்தம் கொஞ்சம் அதிகம் என்கிறார், சார்" என்று முனகினேன். பெரியவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாள் நண்பர்கள் வருவதற்கு முன்பே தனியாக வந்தார். ஸ்பீக்கருக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன்னிடம் சோதனை ஒலி எழுப்பும் கருவி இருக்குமே. கீழேயிருந்து மேலே கொண்டு போ. கேட்கும்வரை நான் கையைத் தூக்கி வைத்திருப்பேன். நீயும் தூக்கி வை."

வேண்டாம் சார் என்றேன். "எஞ்சினியரிடம் எஞ்சினியர் கேட்கிறேன்" என்றார்.

ஒரு கையால் குமிழைத் திருப்பினேன், மறு கையைத் தூக்கினேன். முதலில் கப்பல் சங்கு போல அடித்தொண்டைச் சத்தம். மெல்ல மெல்ல அது குழலாகி, விசிலாகி மேலே ஏறியது. பாதி வழிகூடப் போயிருக்காது, அவர் கை இறங்கிவிட்டது. என் கை மேலேயே இருந்தது. குமிழ் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த அறை முழுக்க விசில் நிரம்பியிருக்க, அவர் பேரமைதிக்குள் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுமா?"

"இன்னும், சார்."

சற்றுப் பொறுத்து, "இன்னுமா?" என்றார் மறுபடியும். என் கையை இறக்கிவிட்டால் போதும் என்றிருந்தது. அவர் கண் அதன் மேலேயே இருந்ததால் இறக்க முடியவில்லை. ஒலி என் காதுக்கும் எட்டாமல் போனபின்தான் இறக்கினேன். காதுக்கருவி வைத்துப் பார்க்கலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மேஜை இழுப்பறைக்குள் ஒன்று கிடக்கிறது, அதை வைத்துக்கொண்டால் கிட்டார் தகர டப்பா ஆகிவிடுகிறது என்றார். வீட்டில் மனைவி மெதுவாகப் பேசுகிறாள் என்று இத்தனை நாள் அவளைக் கோபித்துக்கொண்டிருந்தாராம்.

நண்பர்கள் வந்ததும் அவரே கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றார். டிரம்மர் எழுந்து வந்து, அவர் கண்ணெதிரிலேயே ட்ரெபிள் குமிழைத் திருப்பிக் குறைத்தார். பெரியவர் தடுக்கவில்லை. மிச்ச நாட்கள் முழுவதும் அப்படித்தான் வாசித்தார்கள். வாசிப்பு சுத்தமாக இருந்தது. ஆனால் அவர் கண்களை மூடவில்லை. ஒவ்வொரு மெட்டு முடிந்ததும் டிரம்மரின் முகத்தைப் பார்ப்பார். டிரம்மர் தலையசைத்தால் அடுத்ததற்குப் போவார். ஒரு முறை டிரம்மர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். பெரியவர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டு, நன்றாயிருந்த மெட்டை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். யாரும் அவரை நிறுத்தவில்லை.

குறுந்தகடு வெளிவந்தது. அவர்கள் ஊரில் பழைய ரசிகர்கள் சிலர் வாங்கினார்களாம். பிறகு துபாயில் கட்டட வேலைகள் முடங்கி, கிரேன்கள் நின்றுபோன வருடம் எங்கள் ஸ்டூடியோவும் மூடியது. இப்போது அங்கே டயர் கடை இருக்கிறதாம், வண்டிக்கார அண்ணன் போனில் சொன்னார். நான் கோவையில் கல்யாண மண்டபக் கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கிறேன். பாடுகிறவர்கள் ட்ரெபிளைக் கூட்டுங்கள் என்று மேடையிலிருந்து சைகை காட்டும்போது, எனக்கு அவருடைய கடைசி நாள் வருகைதான் நினைவுக்கு வரும்.

நண்பர்கள் ஊர் திரும்பிய பிறகு அவர் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். எல்லா மெட்டுகளையும் அவர் காதுக்கு ஏற்றபடி, அவர் கேட்டபடியே ட்ரெபிளைக் கூட்டி, ஒரே ஒரு குறுந்தகடு. செய்து கொடுத்தேன். பதிவு செய்யும்போது நானே ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

வாங்கிக்கொண்டு போனவர் உடனே கிளம்பவில்லை. வாசலில் வெயிலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குறுந்தகட்டைப் போட்டுக் கேட்டார். மூடிய கண்ணாடியைத் தாண்டியும் அந்தக் கீச்சொலி தெருவுக்கு வந்தது. எதிர் ஷெட்டில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே அவர் கண்களை மூடியிருந்தார். முதல் நாள் பார்த்த அதே மலர்ந்த முகம். விரல்கள் ஸ்டியரிங்கின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. விடைபெறலாம் என்று கிட்டே போன நான் கண்ணாடியைத் தட்டக் கையை எடுத்தேன். தட்டவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தது என்ன என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.