கேபிள் போன வழி

எங்கள் காரின் பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பதற்கென்றே அயலிலிருந்து ஆட்கள் வந்துபோன ஒரு வாரம் இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. கார் எனக்கு மிகவும் மூத்தது. பழைய ஜப்பான் கார், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். அப்பா கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது அதை விற்றுவிடச் சொன்னார். அம்மா விற்கவில்லை. தானே கார் ஓடப் பழகி, லைசன்ஸ் எடுத்து, கொக்குவிலிலிருந்து பட்டணத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கத் தொடங்கினார். ஒரு பெண் ஓடுகிற காரில் பிள்ளைகளை விடுவதா என்று முதலில் தயங்கியவர்கள்கூட, அவர் ஒருநாளும் பிந்தாமல் வருவதைப் பார்த்த பிறகு, தங்கள் பிள்ளையையும் எப்படியாவது நெருக்கி ஏற்றச் சொல்லி வாசலில் வந்து நின்றார்கள். அந்தப் பெருமை அம்மா ஹோர்ன் அடிக்கும் விதத்திலேயே தெரியும்.

அந்த வருடம் அம்மாவின் தம்பி, என் மாமா, லண்டனிலிருந்து வந்தார். வந்தார் என்று நாங்கள் சொன்னோம். அனுப்பப்பட்டார் என்பதுதான் சரி. அவருடைய அகதி விண்ணப்பத்தைக் கடைசித் தடவையாகவும் மறுத்து, வேலைக்குப் போகிற வழியில் பிடித்துக் கொஞ்ச நாள் அடைத்து வைத்து, பிறகு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். தோளில் ஒரு சிறிய பையோடு வாசலில் வந்து நின்றார். லண்டன் சொக்லேற்றுக்காகக் காத்திருந்த எனக்கு அந்தப் பை பெரிய ஏமாற்றமாக இருந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தேநீரைக் குடித்து முடிக்கும் தறுவாயில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"பிறகு, எப்ப தம்பி திரும்பிப் போறீர்?"

"பாப்பம்" என்று மாமா முதலில் சொல்லிப் பார்த்தார். பிறகு ஆட்கள் வந்தால் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தார். அதற்குப் பிறகு ஆட்கள் வராவிட்டாலும் வரவில்லை. அம்மா சாப்பாட்டைக் கொண்டுபோய் வைப்பார். சாப்பாட்டுக் கோப்பை பாதி குறைந்தபடியோ, குறையாமலோ திரும்பி வரும். மாமாவுக்குக் களைப்பு, அறைப்பக்கம் சத்தம் போடக் கூடாது என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. ஒரு ஆளுக்கு எத்தனை மாதம்தான் களைப்பு இருக்கும் என்று நான் எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய கிழமை, அம்மா முற்றத்து மாமரத்துக்குக் கீழே காரை நிறுத்தி, பொனற்றைத் திறந்து ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மாமா இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்தார். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, எஞ்சினைக் குனிந்து பார்த்தார்.

"என்னக்கா இது கோலம்?"

"ஏன் தம்பி, ஓடுது தானே."

"ஓடும். அதுக்காக இப்பிடியே வைச்சிருக்கிறது?"

வயர்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடந்தன. ஒரு குழாய் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து எல்லாவற்றின் மீதும் களிபோல அப்பியிருந்தன. லண்டனில் தான் வேலை செய்த இடத்தைப் பற்றி மாமா அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கதைத்தார். அங்கே கண்காட்சிக்குப் போகிற கார்களைத் தயார்செய்வார்களாம். பொனற்றைத் திறந்து வைத்திருப்பார்களாம். சனம் வரிசையில் வந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டு போகுமாம்.

"ஒரு வயர் கண்ணிலை படக் கூடாதக்கா. அப்பிடி ஒளிச்சு விடுவம்."

அம்மா கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை மூடினார். "அப்ப இதையும் அப்பிடிச் செய்து விடன் தம்பி" என்றார்.

அந்த விடுமுறை முழுக்க மாமா காரோடு இருந்தார். மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு எஞ்சினை மூலை மூலையாகக் கழுவினார். வயர்களை எல்லாம் பிரித்து, கறுத்த குழாய்களுக்குள் விட்டு, ஓரத்தோடு கொண்டுபோனார். துருப்பிடித்த இடங்களைச் சுரண்டிப் பெயின்ற் அடித்தார். வேலை செய்யும்போது சீட்டி அடித்தார். மத்தியானம் கைகழுவி வந்து, அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டு, இன்னும் கேட்டார். அம்மா குழம்பை எடுத்து வருகிறேன் என்று சொல்லிக் குசினிக்குள் போய், நெடுநேரம் வராமல் நின்றார்.

கடைசியில் மாமாவின் கண்ணுக்குள் குத்திக்கொண்டிருந்தது அக்சிலேற்றர் கேபிள் மட்டும்தான். பெடலை மிதிக்கும்போது எஞ்சினை வேகமாக்குகிற கம்பி அது. கறுத்த உறை ஒன்றுக்குள் ஓடும். காலை எடுத்தால் கம்பி தானே திரும்பிப் போக வேண்டும். அப்போதுதான் வேகம் குறையும். அது எங்கள் காரில், துணி காயப்போடுகிற கொடி மாதிரி, எஞ்சினுக்கு மேலால் பெரிய வளைவாகப் போயிற்று. மாமா அதைக் கழற்றி, எஞ்சினுக்குப் பின்பக்கமாகக் கீழே இறக்கி, சந்துக்குள்ளால் கொண்டுபோய், மறுபக்கம் வெடுக்கென்று வளைத்து மேலே ஏற்றிப் பூட்டினார். அதன் பிறகு எஞ்சினுக்கு மேலே ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த மேசைபோல இருந்தது.

அந்த வாரம்தான் ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, எஞ்சினைக் கழட்டி வித்துப்போட்டியளோ? ஒண்டையும் காணேல்லை" என்றார். மாமா சிரித்தார். அவருக்கு இடதுபக்கத்தில் ஒரு தெத்துப்பல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பிப் போகிற கதையை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு எஞ்சின் இருந்தது.

அம்மா காரை எடுத்து ஒழுங்கையைச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினார். மாமா கதவுக்குப் பக்கத்தில் ஓடிவந்தார்.

"எப்பிடியக்கா, பெடல்?"

அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

"சோக்கா இருக்கு தம்பி" என்றார்.

பள்ளிக்கூடம் தொடங்கியது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கார் ஓடத் தொடங்கினார். பின்னேரங்களில் வலது கெண்டைக்காலுக்கு நல்லெண்ணெய் பூசித் தேய்த்தார். நான் அதை வயதின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகியிருக்காது.

சில நாட்களின் பின் ஒரு காலையில், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரயில் கடவையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். முன் சீற்றில் நானும், என்னைவிடச் சின்னப் பையன் ஒருவனும். பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு மற்றவர்கள். கடவை மணி அடித்தது. கடவையின் குறுக்குத் தடி இறங்கத் தொடங்கியது. அம்மா காலை எடுத்தார். கார் வேகம் குறையவில்லை. எஞ்சின் முன்னரைப்போலவே இழுத்துக்கொண்டு போயிற்று.

"பிள்ளையள், பிடிச்சுக்கொள்ளுங்கோ!"

அம்மா இரண்டு காலாலும் கிளச்சையும் பிறேக்கையும் மிதித்தார். எஞ்சின் அதுவரை நான் கேட்டிராத குரலில் கத்தியது. தடி எங்களை நோக்கி வந்தது. அம்மா திறப்பைத் திருகி எஞ்சினை நிறுத்தினார். தடி பொனற்றில் பட்டு முறிந்து, முன் கண்ணாடியில் முட்டி நின்றது. காரும் நின்றது. அடுத்த கணம் ரயில் எங்களுக்கு முன்னால் போயிற்று. யன்னல்களில் இருந்த முகங்கள் எல்லாம் எங்களைக் குனிந்து பார்த்தன.

ரயில் போய் முடிந்த பிறகுதான் பக்கத்தில் இருந்த பையன் அழத் தொடங்கினான். அவனுடைய நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அம்மா அவனைத் தூக்கி மடியில் வைத்து, தன் சீலைத் தலைப்பால் நெற்றியை அழுத்திப் பிடித்தார். வலது கால் மட்டும் பிறேக்கிலேயே இருந்தது. கடவைக்காரர் ஏசிக்கொண்டு ஓடிவந்து, உள்ளே இருந்தவர்களைப் பார்த்ததும் ஏச்சை நிறுத்திவிட்டார்.

ஆட்கள் சேர்ந்து காரைப் பின்னால் தள்ளினார்கள். யாரோ பொனற்றைத் திறந்தார்கள். பின்பக்கச் சந்துக்குள், எஞ்சினின் சூடான புகை வெளியேறும் இரும்புக் குழாயோடு கேபிளின் உறை உருகி ஒட்டியிருந்தது.

"ஆர் உதை உப்பிடிப் பூட்டினது?"

"நான்தான் அப்பிடிப் பூட்டச் சொன்னனான்" என்றார் அம்மா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பையனுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். காரை ஆட்கள் எங்கள் முற்றம்வரை தள்ளிக்கொண்டுவந்து விட்டார்கள். மத்தியானத்துக்கு முன்பே அவனுடைய தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களை நம்பித்தானே அக்கா அனுப்பினனாங்கள்."

"ஓம் தம்பி. என்ரை பிழைதான்."

"பொம்பிளை ஓடுறதெண்டு சனம் சொல்லேக்கை நான்தான் உங்களுக்காகக் கதைச்சனான்."

அம்மா தலையை ஆட்டினார். அப்போது மாமா அறை வாசலுக்கு வந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்திருந்தது. "அண்ணை, அது அக்கா இல்லை…" என்று தொடங்கினார். அம்மா திரும்பி, "தம்பி, நீ உள்ளுக்குப் போ" என்றார். வேறு எவரிடமும் அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. மாமா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

வந்தவர் போனதும் அம்மா முருங்கையிலைச் சுளகை எடுத்து வந்து, மாமாவின் அறைக்கதவில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்து, இலை உருவத் தொடங்கினார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை "தம்பி" என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து "ம்" என்று வரும்வரை கூப்பிட்டார். இலை முழுவதும் உருவி முடிந்த பிறகு கதவைப் பார்க்காமலே கதைத்தார்.

"பெடல் இறுக்கமெண்டு எனக்கு முதல் நாளே தெரியும். ஒவ்வொரு நாளும் கூட இறுகினது. நான் உனக்குச் சொல்லேல்லை. பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு, தெரிஞ்சுகொண்டுதான் ஓடினனான். அதாலை என்ரை பிழையெண்டு சொன்னது பொய்யில்லை."

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது.

"ஏனக்கா சொல்லேல்லை?"

"நீ சாப்பிட்டாய்" என்றார் அம்மா.

இது ஒரு பதிலா என்று எனக்குக் கோபமாக வந்தது. பிழையைச் செய்தவர் மாமா. பழியை எடுத்தவர் அம்மா. இதற்குள் சாப்பாடு எங்கே வந்தது?

"இப்ப எழும்பி வா. புதுக் கேபிள் வாங்கிக்கொண்டு வந்து, முந்திப் போன வழியாலையே பூட்டு."

"திருத்துற கராச்சிலை குடுங்கோ அக்கா. நான் இனி அதைத் தொடமாட்டன்."

"கராச்சிலை குடுக்கேலாது. நீதான் பூட்ட வேணும். நான் அதிலை ஏறி ஓட வேணும்."

கதவு திறக்க வெகுநேரம் எடுத்தது. அம்மா எழுந்து மாமாவின் சேர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். உதிரிப்பாகக் கடை, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், நடந்துபோகிற தூரம். மாமா படியில் இறங்கிய பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நீயும் போ. மாமான்ரை கையை விடக் கூடாது. கடையிலையும் விடாதை. விளங்குதோ?"

பத்து வயதில் கையைப் பிடித்துக்கொண்டு போவது வெட்கமாக இருந்தது. ஆனாலும் பிடித்தேன். ஒழுங்கையில் நின்றவர்கள் எங்களைக் கண்டு கதையை நிறுத்தினார்கள். மாமா குனிந்த தலையோடு நடந்தார். கடவைக்குப் போனபோது மறுபடியும் மணி அடித்தது. தடி உடைந்த பக்கத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் நின்றோம். ரயில் வருகிற அதிர்வு காலுக்குள் ஏறியது. மாமா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கை என் கையை இறுக்கியது. விரல்கள் நொறுங்குவதுபோல இருந்தன.

"மாமா, நோகுது."

அவர் திரும்பி, நான் அங்கே நிற்பதை அப்போதுதான் கண்டவர்போல என்னைப் பார்த்தார். ரயில் போயிற்று. கயிற்றை அவிழ்த்தார்கள். நாங்கள் கடந்தோம்.

அன்று பின்னேரமே மாமா கேபிளைப் பழைய வழியால் பூட்டினார். அம்மா டிரைவர் சீற்றில் இருந்தார். "மிதியக்கா." "விடக்கா." "இன்னொருக்கா மிதி." இருட்டும்வரை பொனற்றுக்கு மறுபக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது. அம்மா சலிக்காமல் மிதித்து, விட்டு, மிதித்தார். மறுநாள் காலையில் முதலில் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடினார். நெற்றி பிளந்த பையன் திரும்பி வரவில்லை. அவனோடு இன்னும் சிலர் நின்றுவிட்டார்கள். அப்பா கட்டாரிலிருந்து தொலைபேசியில் சத்தம் போட்டபோது அம்மா அவரிடமும் என்ரை பிழை என்றே சொன்னார். மாமா இப்போது சாவகச்சேரியில் இருக்கிறார். தலை நரைத்துவிட்டது. இரண்டு பெண்பிள்ளைகள்.

அம்மா என்னை ஏன் கூட அனுப்பினார் என்பதற்கு அன்று என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. மாமா இன்னொரு தடவை பிழைவிட்டுவிடக் கூடாது என்று, என்னைக் காவலுக்கு அனுப்பியிருக்கிறார். ஆகவே கடைக்காரர் கேபிளை எடுத்துக் காட்டியபோது, மாமாவின் கையை விடாமலே, எக்கி நின்று அதை நானும் ஒருமுறை கவனமாகப் பார்த்துத் தலையாட்டினேன். காவலுக்குத்தான் அனுப்பியிருந்தார். எதற்குக் காவல் என்பதுதான் அன்று எனக்குத் தெரியவில்லை.